மடொல் தீவுக்கு மீண்டும் ஒரு பயணம்

இளமையில் நம்மை மயக்கிய நூலொன்றை நரை தோன்றும் பருவத்தில் மீண்டும் படிப்பது, பிறந்த ஊருக்கு நெடுநாட் கழித்துத் திரும்புவதை ஒக்கும். வீதி அதுவே, நடப்பவன் வேறு.

மார்ட்டின் விக்கிரமசிங்க அவர்கள் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மடொல் தூவ’ என்னும் சிங்கள நாவலை மொழிபெயர்ப்பில் நான் முதன்முதலாகப் படித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. 1990இல் வலிகாமம் வடக்கிலுள்ள எமது இல்லத்தை விட்டு வெளியேறி, உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியிருந்த காலம் அது. குறும்புக்கார உபாலியும் அவன் வீட்டு வேலைக்காரச் சிறுவன் ஜின்னாவும் ஊரை விட்டோடி, ஆளற்ற தீவொன்றில் காடு வெட்டிப் பயிரிட்டு வாழ்ந்த கதை எனக்குப் பெருங் களிப்பைத் தந்தது. வீட்டை விட்டுப் போவதும் இன்பமாகலாம் என்று அந்நூல் எனக்குச் சொல்லிற்று.

சென்ற விடுமுறையில், அதே வயதினனான என் மகனுடன் கொக்கலைக்குச் சென்றேன். காலியிலிருந்து மாத்தறை நோக்கிக் கடலோரமாகச் செல்லும் புகைவண்டியில் நூலை மறுபடி படித்து முடித்தேன். இம்முறை என் மனம் தீவில் நிற்கவில்லை. உபாலி வீடு திரும்பும் இடத்திலேயே நின்றது. நோயுற்ற தந்தையை நாடி வந்தவன் அவரை உயிரோடு காணவில்லை. ஒரு காலத்தில் தன்னால் வெறுக்கப்பட்ட சிற்றன்னையின் இடர்களைத் தீர்த்துவைத்த பின்னரே அவன் தீவுக்கு மீள்கின்றான். சிறுவனாகப் படித்தபோது இப்பகுதியை நான் விரைந்து புரட்டியிருக்க வேண்டும்.

கொக்கலை வாவி அமைதியாகக் கிடந்தது. தோணிக்காரர் கைநீட்டிக் காட்டிய மடொல் தீவு, கண்டல் மரங்கள் நீரில் வேரூன்றிய சிறு பசுந்திட்டு. “இவ்வளவுதானா?” என்றான் மகன். நானும் அவ்வாறே நினைத்தேன்; ஆயினும் சொல்லவில்லை.

பின்னர், நூதனசாலையாகப் பேணப்படும் ஆசிரியரின் பிறந்த வீட்டுக்குச் சென்றோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படை கொக்கலையில் தளம் அமைத்தது. வாவியில் நீர்விமானங்கள் இறங்கின. கிராமத்தவர் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. இவ்வீடு மாத்திரம் எஞ்சியது. அப்போர் முடிந்து இரண்டாண்டுகளின் பின்னரே ‘மடொல் தூவ’ வெளிவந்தது. சிறுவரின் துணிகரக் கதையென்று நான் கருதிய நூல், கலைக்கப்பட்ட ஓர் ஊரின் நீரையும் மரங்களையும் காத்துவைத்த நூலுமாகும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

“அப்பா, எங்கடை வீடும் இப்பிடித்தானோ போனது?” என்று மகன் கேட்டான்.

எமது வளவு விடுவிக்கப்பட்டபோது நான் அங்கு சென்றிருந்தேன். கிணறு மட்டுமே இருந்தது. அதனை நான் அவனுக்கு ஒருபோதும் கூறியதில்லை. கூறுவதற்கு என்ன இருக்கின்றது என்று எண்ணியிருந்தேன்.

திரும்பும் புகைவண்டியில் கிணற்றடியிலிருந்து தொடங்கினேன். மாமரம், மாட்டுக்கொட்டில், தெருப்படலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். காலி நிலையம் வந்தபோதும் நான் வீட்டு வாசலை அடையவில்லை. மகனோ நித்திரை கொள்ளவில்லை.