கண்முன் நிற்கும் சொல்

தேனியை அடுத்த பழனிசெட்டிபட்டியில் பள்ளி மாணவன் ஒருவன் உளன் எனக் கொள்க. மறுநாள் தமிழ்த் தேர்வு. இலையின் வகைகளைக் குறிக்கும் சொற்களைத் தேவநேயப் பாவாணர் வகுத்துக் காட்டிய முறையில் அவன் உருப்போடுகின்றான். புளி, வேம்பு முதலியவற்றில் உள்ளது இலை; நெல், புல் முதலியவற்றில் உள்ளது தாள்; சோளம், கம்பு முதலியவற்றில் உள்ளது தோகை; தென்னை, பனை முதலியவற்றில் உள்ளது ஓலை; காய்ந்த தாளும் தோகையும் சண்டு; காய்ந்த இலை சருகு. பன்முறை ஓதியும் தாளும் தோகையும் இடம் மாறுகின்றன. “எனக்குத் தமிழ் வாராது” என்று சோர்ந்து ஏட்டை மூடுகின்றான்.

அவனுடைய பாட்டனார் எழுத்தறியாத உழவர். அவரோ இச்சொற்களுள் ஒன்றிலும் மயங்குவதில்லை. “ஏனப்பா, நாள்தோறும் நீ காணும் பயிர்கள்தாமே இவை! ஏட்டில் கண்டால் மட்டும் ஏன் மயங்குகின்றாய்?” என்று அவர் வினவுகின்றார். அவ்வினாவே அவனுக்கு வழிகாட்டுகின்றது.

அவன் கண்களை மூடி, வீட்டினின்று வயல்வரை மனத்தால் நடந்து செல்கின்றான். வாயிலில் நிற்கும் வேம்பில் இலை தளிர்த்திருக்கின்றது. அதனடியில் சருகு காலில் நொறுங்குகின்றது. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயலில் நெற்றாள் அசைகின்றது. வரப்புத் தென்னையின் ஓலை சலசலக்கின்றது. மேட்டு நிலத்துச் சோளத்தோகை அவன் முகத்தை உராய்கின்றது. களத்து மூலையில் சண்டு குவிந்து கிடக்கின்றது. ஆறு சொற்களும் ஆறு இடங்களில் அமைந்துவிட்டன.

பொருள்களை இடங்களில் இருத்தி நினைவுகூரும் இம்முறை பழமையானது. உரோமானிய நாவலர் சிசரோ, கி.மு. 55-இல் இயற்றிய நூலில் இதனை விளக்கியுள்ளார். 1975-இல் அட்கின்சன், ரா என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், மாணவர்க்கு 120 உருசியச் சொற்களைக் கற்பித்து ஆராய்ந்தனர். புதிய சொல்லின் ஒலியை ஒத்த தாய்மொழிச் சொல்லைக் கொண்டு, அதனைப் பொருளோடு இணைத்து மனத்தில் படம் அமைத்துக் கற்றோர் நூற்றுக்கு 72 பங்கு சொற்களை நினைவுகூர்ந்தனர். அங்ஙனம் செய்யாதோர் 46 பங்கே நினைவுகூர்ந்தனர்.

பொறுமை போன்ற காணவியலாப் பண்புகளுக்கு யாது செய்வது? விதைத்த நிலத்தருகே மழையை எதிர்நோக்கி நிற்கும் பாட்டனாரின் முகத்தை நினைத்துக்கொண்டால், பொறுமை என்னும் சொல்லுக்கும் ஓர் உருவம் கிடைத்துவிடும்.

எனினும், படம் ஒன்றே போதாது. நட்ட நாற்றுக்கு நீர் பாய்ச்ச வேண்டுமன்றோ? அதுபோல, மனத்தில் பதிந்த சொல்லை மீண்டும் மீண்டும் நினைத்தும் எழுதியும் பேசியும் வழங்குதல் வேண்டும். இதனை உணர்ந்த மாணவன், மூடிய ஏட்டைத் திறவாமலே ஆறு சொற்களையும் எழுதிப் பார்க்கின்றான். தாளும் தோகையும் தத்தம் நிலத்திலேயே நிற்கின்றன.