டியூப்லைட் காட்டிய தவறு

நான் செய்த முதல் டிஜிட்டல் டாக்கோமீட்டர் பொய் சொன்னது. அதைவிட மோசம், நான் அதை நம்பினேன்.

1991. பம்பாய் அந்தேரியில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே சாணை மெஷினின் மோட்டார் புல்லி உடைந்துபோக, கையில் கிடைத்த வேறொரு புல்லியை மாட்டியிருந்தார்கள். அந்த மெஷினில் வேலை பார்த்த மராத்தியப் பெரியவரை எல்லோரும் காகா என்போம். "சத்தம் மாறியிருக்கிறது அண்ணா, வேகம் கூடிவிட்டதோ?" என்றார். 300 மி.மீ. சாணைக்கல். உச்சவரம்பு நிமிடத்துக்கு 2,100 சுற்று என்று கல்லிலேயே அச்சிட்டிருந்தது. மீறினால் கல் வெடித்துச் சிதறலாம். மோட்டார் தகட்டில் எழுத்துகள் அழிந்திருந்தன. வேகத்தை அளக்கக் கருவியும் இல்லை.

நான் செய்து தருகிறேன் என்று லேமிங்டன் ரோட்டுக்குப் போய் உதிரி பாகங்கள் வாங்கி வந்தேன். விஷயம் எளிது. சாணைக்கல்லோடு சுழலும் புல்லியில் 10 வெள்ளைக் கோடுகள். டார்ச் பல்பின் ஒளி ஒவ்வொரு கோட்டிலும் பட்டுத் திரும்பும்போது, கறுப்புக் காகிதக் குழாய்க்குள் இருக்கும் போட்டோ டிரான்சிஸ்டர் ஒரு துடிப்பு தரும். நான்கு சி.டி. 4026 ஐ.சி.க்கள் அவற்றை எண்ணிக் காட்டும். எண்ணும் நேரம் 6 விநாடி. அதை 555 டைமர் பார்த்துக்கொள்ளும். சுற்றுக்கு 10 துடிப்பு, நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம். ஆக, தெரியும் எண்ணே நிமிடச் சுற்று.

2,050 என்று காட்டியது. "பயமில்லை காகா" என்றேன். அவர் மெஷின் முன் போய் நின்றார்.

அன்றிரவு அறையில் குழாயைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மேசையில் வைத்தேன். எதுவும் சுழலவில்லை. ஆனால் 450 என்று காட்டியது! அண்ணாந்து பார்த்தேன். டியூப்லைட்.

50 சைக்கிள் மின்சாரத்தில் சோக் போட்ட டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, டிரான்சிஸ்டருக்குத் தெரியும். 6 விநாடியில் 600 வந்திருக்க வேண்டும். 450தான் வருகிறதென்றால், என் டைமர் நாலரை விநாடியிலேயே நின்றுவிடுகிறது. கெப்பாசிட்டர் மேல் அச்சிட்டிருந்த மதிப்பை நம்பிக் கணக்குப் போட்டிருந்தேன். கைக்கடிகாரத்தை வைத்தாவது சரிபார்த்திருக்கலாம். செய்யவில்லை. அன்றைய மின்சாரமும் சரியாக 50 சைக்கிளில் நிற்காதுதான். அது ஓரிரு சதவீத வித்தியாசம். என் தவறு 25 சதவீதம்.

அப்படியானால் உண்மையான வேகம் சுமார் 2,730. வரம்பைவிட 30 சதவீதம் அதிகம். கல்லைப் பிய்த்தெறியும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அது ஏறக்குறைய 70 சதவீதம் அதிகம்.

தூக்கம் வரவில்லை. விடிந்ததும் ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்றேன். "நேற்று நான் சொன்னது தப்பு காகா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முதலாளி முணுமுணுத்தார். மாலைக்குள் சரியான புல்லி வந்தது. வரம்பு மீறி ஓடிய கல்லையும் தூக்கி எறிந்தோம்.

இன்று லேசர் டாக்கோமீட்டர் கடையிலேயே கிடைக்கிறது. சோக் போட்ட டியூப்லைட்டுகள்தான் குறைந்துவிட்டன. என் மேசைக்கு மேல் மட்டும் ஒன்று இன்னும் தொங்குகிறது. எந்தப் புது மீட்டர் வந்தாலும் முதலில் அதை நோக்கிப் பிடிப்பேன். சுற்றுக்கு ஒரு துடிப்பு எண்ணும் மீட்டர் என்றால் 6,000 காட்ட வேண்டும். காட்டிய பிறகுதான் அதை மெஷின் பக்கம் கொண்டுபோவேன்.