கண்டதும் உண்டதும்

நெடுவழிக்குத் துணை வேண்டும் என்பர் பெரியோர். துணையோடு செல்வார்க்கு வழி குறுகும், களைப்புத் தோன்றாது, கண்ட காட்சியை அப்பொழுதே ஒருவரிடம் கூறி மகிழலாம். இவையெல்லாம் மெய்யே. ஆயினும் தனித்துச் செல்வார்க்கும் ஒரு பயன் உண்டு. பேசுதற்கு ஆளின்மையால் அவர்தம் கண்ணும் செவியும் நாவும் கூர்மை பெறுகின்றன. சென்ற ஆண்டு புரட்டாசித் திங்களில், யாம் தனியராய்ப் புடாபெஸ்ட், வியன்னா, வார்ஸா என்னும் மூன்று ஐரோப்பிய மாநகரங்களிற் பத்து நாட்கள் சுற்றிவந்தோம். கையிற் பெரும்பொருள் இல்லை. பகலெல்லாம் நடந்து காண்பதும், பசித்தவிடத்து அவ்வூர் மக்கள் உண்பதை உண்பதுமே எமது திட்டம். அங்ஙனம் கண்டவற்றுள்ளும் உண்டவற்றுள்ளும் எம் உள்ளத்தில் நிலைத்தவற்றை நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

முதற்கண் புடாபெஸ்ட். டான்யூப் ஆற்றின் மேல்கரையிற் குன்றுகள் நிறைந்த புடாவும் ஓபுடாவும், கீழ்க்கரையிற் சமவெளியாய் விரிந்த பெஸ்டும் 1873-ஆம் ஆண்டில் ஒன்றுபட்டு இந்நகராயின. புடாவையும் பெஸ்டையும் பிணைக்கும் சங்கிலிப் பாலம் 1849-இல் திறக்கப்பட்டது. அதன் இரு தலைப்பிலும் கற்சிங்கங்கள் காவலிருக்கின்றன. 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படையினர் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். மக்கள் அதனைப் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி, முதன்முதல் திறந்த நாளினின்று சரியாக நூறாண்டு நிறைந்த 1949 நவம்பர் 20-ஆம் நாளிற் திறந்தனர். அப்பாலத்தின்மீது ஒரு நாளில் நான்கு முறை நடந்தோம். நான்கு முறையும் அலுப்புத் தோன்றவில்லை.

அந்நகரின் பேரங்காடி 1897-இற் கட்டப்பட்டது. இரும்புத் தூண்கள் தாங்கும் உயர்ந்த கூரையின்கீழ், செம்மிளகாய்ச் சரங்கள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. அவற்றைக் கண்டதும் நம் ஊர்ச் சந்தையில் நிற்பதுபோன்ற உணர்வு எழுந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற் பிறந்தது. போர்த்துக்கீசியர் வாயிலாக நம் நாட்டிற்கும், துருக்கியர் வாயிலாக ஹங்கேரிக்கும் வந்து, ஈரிடத்தும் பிறந்த வீட்டுப் பிள்ளைபோல் உரிமை பெற்றுவிட்டது. ஸெகெட் என்னும் ஹங்கேரிய நகரில் இம்மிளகாயினின்றே வைட்டமின் ஸி சத்தை மிகுதியாகப் பிரித்தெடுத்த ஸென்ட்-ஜார்ஜி என்னும் அறிஞர் 1937-இல் நோபல் பரிசு பெற்றார். மாட்டிடையர் உணவாகத் தோன்றிய குலாஷ் என்னும் இறைச்சிக் குழம்பிற்கு நிறமும் மணமும் தருவது இம்மிளகாய்ப் பொடியே. அங்காடியின் மேல்மாடியில் நின்றபடியே 'லாங்கோஷ்' உண்டோம். புளித்த மாவைத் தட்டி எண்ணெயிற் பொரித்து, பூண்டுச்சாறு தடவி, புளித்த பாலேடும் துருவிய பாற்கட்டியும் தூவித் தருகின்றனர். ஒன்று உண்டால் மறு வேளை உணவு வேண்டா.

அன்று மாலை ஆற்றங்கரையில் நடக்கையில் இரும்பாலான அறுபது இணை பாதரட்சைகளைக் கண்டோம். ஆடவர், பெண்டிர், சிறுவர் அணிந்தவை போன்ற அவை நீரை நோக்கி வரிசையாக நிற்கின்றன. 1944-45-ஆம் ஆண்டுகளில் யூத மக்களைக் கரையில் நிறுத்தி, பாதரட்சைகளைக் கழற்றச் செய்து, சுட்டு ஆற்றில் வீழ்த்திய கொடுமைக்கு 2005-இல் நிறுவிய நினைவுச்சின்னம் அது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அருகே ஒருவரும் இலர். ஒரு சொல்லேனும் எவரிடமேனும் பேசவேண்டுமென்று நெஞ்சம் துடித்தது. தனிவழியின் துன்பம் இன்னதென்று அப்பொழுதுதான் முற்றும் உணர்ந்தோம்.

அங்கிருந்து இரயிலேறி இரண்டரை மணி நேரத்தில் ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவை அடைந்தோம். புனித ஸ்டீபன் பேராலயத்தின் தென்கோபுரம் 136 மீட்டர் உயர்ந்தது. 343 படிகள் ஏறி உயரத்து அறையை அடையலாம். பல வண்ண ஓடுகள் வேய்ந்த அவ்வாலயத்தின் கூரை பட்டாடை விரித்தாற்போல் ஒளிர்கின்றது. 1945 ஏப்ரலில் மூண்ட தீயில் பழைய கூரை எரிந்து வீழ்ந்தது. பும்மெரின் என்னும் பெருமணியும் வீழ்ந்து சிதறியது. அந்நாட்டு மக்கள் சோர்ந்திருந்தாரல்லர். ஒரு மாகாணம் தளமும், மற்றொன்று பலகணிகளும் எனப் பங்கிட்டு அளித்தன. உடைந்த மணியின் துண்டுகளையே உருக்கி 1951-இற் புதுமணி வார்த்தனர். மறு ஆண்டில் ஆலயம் முழுமையாகத் திறக்கப்பெற்றது.

வியன்னாவின் காப்பிக்கடைகள் தனிவழிச் செல்வார்க்குப் புகலிடம் எனலாம். காப்பிக் கிண்ணத்தையும் ஒரு குவளை நீரையும் சிறு தட்டில் வைத்துக் கொணர்கின்றனர். செய்தித்தாள்களை மரச்சட்டத்திற் கோத்து வைத்திருக்கின்றனர். ஒரு கிண்ணம் பருகிவிட்டு இரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பினும் 'எழுக' என்பார் இல்லை. தனியே இருப்பாரை இரக்கத்தோடு நோக்குவாரும் இல்லை. ஆங்குப் பலரும் தனித்தே அமர்ந்திருக்கின்றனர். ஆப்பிள் துண்டுகளும் உலர்ந்த திராட்சையும் உள்வைத்துச் சுருட்டிச் சுட்ட 'ஸ்ட்ரூடல்' என்னும் பண்டத்தை உண்டோம். அதன் மாவை, கீழே வைத்த கடிதத்தைப் படிக்குமளவு மெல்லிதாக இழுத்தல் வேண்டும் என்பது அவ்வூரார் வழக்கு.

பின்னர் ஒரு பகல் முழுதும் வண்டியிற் சென்று போலந்தின் தலைநகராகிய வார்ஸாவை அடைந்தோம். ஆங்குப் 'பால் விடுதி' என்று பொருள்படும் பெயருடைய எளிய உணவுச்சாலைகள் உண்டு. அரசாங்கத்தின் பொருளுதவியால் விலை குறைவு. சுவரில் எழுதியுள்ள பட்டியலைப் பார்த்துப் பணம் செலுத்திச் சீட்டுப் பெற்று, அதனை அடுக்களைச் சாளரத்திற் கொடுத்தால் உணவு வரும். எமக்கு வந்தது 'பியெரோகி': உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் உள்வைத்த அரைமதி வடிவான பண்டம். நம் சோமாசியைப் பொரியாது நீரில் வேகவைத்தாற்போன்றது. அதனோடு பீட்ரூட் கிழங்கின் செந்நிறச் சாறு. எம் மேசையில் ஒரு மூதாட்டியார் வந்தமர்ந்தார். அவர் மொழி எமக்குத் தெரியாது; எம் மொழி அவர்க்குத் தெரியாது. தட்டைப் பார்த்தார், எம் முகத்தைப் பார்த்தார், 'சுவை எங்ஙனம்?' என்பதுபோல் தலையசைத்தார். யாம் கைகூப்பினோம். அவர் நகைத்தார். பத்து நாட்களில் எமக்கு வாய்த்த பந்தி அஃதொன்றே.

அம்மூதாட்டியார் நகரின் வரலாறு கேட்போர் நெஞ்சை உருக்கும். 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி 63 நாட்கள் வார்ஸா மக்கள் நாஜிப் படைக்கு எதிராகப் போர்புரிந்தனர். தோல்விக்குப்பின் பகைவர் தெருத்தெருவாக நகரை அழித்தனர். பழநகரின் பெரும்பகுதி கற்குவியலாயிற்று. இன்று ஆங்குள்ள சதுக்கமும் வண்ண மாளிகைகளும் போருக்குப்பின் எழுந்தவை. 1980-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டுக் கழகம் அதனை உலக மரபுச் செல்வங்களுட் சேர்த்தது. எவ்வாறு மீட்டனர்? பெலோட்டோ என்னும் இத்தாலிய ஓவியர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய நகர்க்காட்சிகள் துணைபுரிந்தன. அவற்றினும் மேலாக, தொழிற்கல்லூரியின் கட்டடக்கலை மாணாக்கரும் ஆசிரியரும் போருக்குமுன் வீடுவீடாகச் சென்று அளந்து வரைந்த படங்கள் துணைபுரிந்தன. அவை பகைவர் கைப்படாது மறைத்துக் காக்கப்பட்டிருந்தன. பாடத்தின் பொருட்டு மாணாக்கர் வரைந்த தாள்கள் ஒரு தலைநகரை உயிர்ப்பித்தன!

இதனை எண்ணியவாறே அச்சதுக்கத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். கல் நிலையானதன்று; ஒரு நாளில் வீழும். அதன் அளவை அறிந்து குறித்துவைத்தவர் உளராயின் மீண்டும் எழும். உணவோ ஏட்டையும் வேண்டாது தாயின் கையினின்று மகளின் கைக்குச் சென்று உயிர்வாழ்கின்றது. ஆனால் கற்பார் ஒருவர் இல்லையேல் அதுவும் அழியும். நம் ஊர்களில் நூறாண்டு கண்ட திண்ணை வீடுகளும் சத்திரங்களும் நாள்தோறும் இடிபடுகின்றன. அவற்றின் நீள அகலங்களைக் குறித்தார் எத்துணைப் பேர்? பாட்டியார் சமைத்த பண்டங்களின் பக்குவத்தைக் கேட்டறிந்தார் எத்துணைப் பேர்?

மாணவ நண்பர்காள்! வெளிநாடு செல்லும் வாய்ப்பு நும்முள் அனைவர்க்கும் கிட்டாமற்போகலாம். அளவுகோலும் எழுதுகோலும் எல்லோர்க்கும் கிட்டும். அடுத்த விடுமுறையில் நும் தெருவிலுள்ள பழைய வீடொன்றை அளந்து வரையுங்கள். அவ்வீட்டு மூதாட்டியார் பரிமாறுவதை அமர்ந்துண்டு, செய்முறையைக் கேட்டெழுதுங்கள். அத்தாள்கள் பின்னொரு நாளில் யாருக்குப் பயன்படும் என்பதை அவற்றை வரைந்த வார்ஸா மாணாக்கரும் அறிந்திலர்.