எழுதுதல் என்னும் சொல்

பழந்தமிழில் ஓவியத்தை 'எழுதுவது' என்பதே பெருவழக்கு. தொய்யிலும் எழுதப்பட்டதுதான். மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று குறிப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் வியந்து நடத்துகிறேன். எழுத்தும் ஓவியமும் ஒரே சொல்லில் அடங்குவது அழகுதான். ஆனால் பள்ளியைப் பாதியில் விட்ட ஒருவருக்கு அதுவே அச்சமாகிவிடுகிறது. தாளையும் பென்சிலையும் கண்டால், எழுத வராத கை வரையவும் மறுக்கிறது.

செவிலிமேடு காஞ்சிபுரத்தின் தென்புறம், பாலாற்றங்கரையில் இருக்கிறது. இராமானுசரின் சாலைக் கிணற்றால் அறியப்பட்ட ஊர். 2011இல் நகராட்சியோடு இணைந்தது. அங்கே ஒரு திண்ணையில் ஞாயிறு பிற்பகல்களில் முதியவர் சிலரோடு வண்ணங்களை வைத்துக்கொண்டு அமர்கிறேன். அவர்களுள் ஒருவர் எழுபதைக் கடந்த நெசவாளர். கண்புரைக்குப் பின் தறியை விட்டு இறங்கியவர். கை சும்மா கிடப்பதே அவருக்கு நோயாகியிருந்தது.

"நமக்குப் படமெல்லாம் வராது சார். தறிதான் தெரியும்" என்றார்.

அரை நூற்றாண்டாக அன்னமும் யாளியும் நெய்தவர் சொல்வது இது! யோசித்தால் வியப்பில்லை. உருவத்தைக் கட்டத்தாளில் தீட்டுபவர் வேறொருவர். அது அட்டையில் துளைகளாகி, ஜக்கார்டு இழைகளைத் தூக்குகிறது. படம் என்பது எப்போதும் இன்னொருவருடைய வேலையாகவே அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவருடைய நம்பிக்கையைப் பறித்தது முதுமையன்று, இந்த வேலைப்பிரிவினையே என்பது என் எண்ணம்.

மத்தியப் பிரதேசத்தின் உமரியா மாவட்டத்தில் ஜோதையா பாய் என்னும் பைகா பழங்குடிப் பெண்மணி இருந்தார். கூலி வேலை செய்து வாழ்ந்தவர். 60 வயதைக் கடந்தபின் சாந்திநிகேதனில் பயின்ற ஆஷிஷ் சுவாமியிடம் ஓவியம் கற்கத் தொடங்கினார். முதலில் தரை, பிறகு சுரைக்காய், அதன் பின்னரே தாள். 2023இல் பத்மஸ்ரீ பெற்று, 2024இல் மறைந்தார். விருதைவிட அந்த வரிசைதான் எனக்குப் பாடம். தாளைக் கடைசியில் கொடுத்த ஆசிரியர் அவர்.

நானும் தாளை எடுத்து வைத்துவிட்டுக் கோலப்பொடியைக் கொடுத்தேன். பெண்கள் உடனே அமர்ந்துவிட்டார்கள். பதினைந்து புள்ளியை எண்ணாமல் வைக்கும் விரல்களுக்கு என்ன கற்றுத்தர இருக்கிறது? "கோலம் வேண்டாம்மா, ஆற்றிலே தண்ணீர் வந்த அன்று பார்த்ததைப் போடுங்கள்" என்றேன். நீண்ட அமைதிக்குப் பிறகு ஒருவர் கரையோரம் ஓர் ஆட்டை நிறுத்தினார். அதற்கு மூன்று கால்கள். யாரும் சிரிக்கவில்லை.

"அருமை, அருமை" என்று குழந்தையைக் கொஞ்சுவதுபோல் முதியவரைப் பாராட்டுவது எனக்கு உவப்பில்லை. ஓர் இழை அறுந்தாலும் விரலால் அறிகிறவர்கள் பொய்ப்பாராட்டை அறியமாட்டார்களா? "இது ஏன் மஞ்சள்?" என்று கேட்டால் போதும், பேச்சு தானே விரிகிறது.

நெசவாளர் மூன்றாம் மாதத்தில்தான் கை வைத்தார். பழுப்புத் தாளில் குழித்தறி ஒன்று; ஒரு பக்கம் தந்தை, எதிர்ப்பக்கம் கரைக்கு நாடா தள்ளும் சிறுவன். அச்சிறுவன் அவரேதான். உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நிறமிட்டு இழைக்கு இழை பிணைக்கும் கோர்வை நெசவுக்கு அப்படி ஒரு துணையாள் வேண்டும். உடல் அரக்கு, கரை பச்சை. வீட்டார் அதைச் சுவரில் மாட்டக் கேட்டபோது அவர் தரவில்லை.

"இருப்பா, இன்னும் கோர்வை சேரல" என்று பச்சையைத் தேடி எடுத்தார்.