கதவுக்குக் கீழே ஒரு கைப்பிடிச் சுவர்

சென்ற ஐப்பசி அடைமழையின்போது ஓர் இரவு பதினொரு மணிக்குச் சேத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத் தோப்பு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. காவல்காரர் குடும்பத்து மூதாட்டிக்கு மூச்சுத்திணறல். நோயில்பூசுதலுக்கான எண்ணெயை எடுத்துக்கொண்டு பங்கின் பொலேரோ வண்டியில் நாம் புறப்பட்டோம். திருவருட்சாதனத்தை நிறைவேற்றி, மகளோடு அவரை வண்டியில் ஏற்றித் திரும்பும் வழியில், ஓடையைக் கடக்கையில் இடப்பக்கக் கதவுக்குக் கீழே இடி விழுந்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. வண்டி நிற்கவில்லை, நாமும் நிறுத்தவில்லை.

இராசபாளையத்து மருத்துவமனை வாசலில்தான் தெரிந்தது, அந்தக் கதவு திறக்கவில்லை என்பது. உள்ளிருந்து தள்ளியும் வெளியிலிருந்து இழுத்தும் அது அசையவில்லை. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவரை இருக்கையின் குறுக்கே நகர்த்தி, மறுபக்கக் கதவு வழியாக இறக்கினோம். அந்த மூன்று நான்கு நிமிடங்களில் அவர் முகத்தில் கண்ட வேதனையை நாம் இன்னும் மறக்கவில்லை. இறைவன் அருளால் அவர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் குனிந்து பார்த்தோம். முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையில், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதிக்கு ராக்கர் பேனல் என்று பெயராம். பார்வைக்குப் பலமான உத்திரம்போல் தோன்றினாலும், அது மெல்லிய தகட்டை மடித்துச் செய்த உள்ளீடற்ற பெட்டிதான். கதவுத் தூண்கள் அதன்மேல் நிற்கின்றன. அதை ஒரு பாறை மேல்நோக்கி நசுக்கிவிட்டால் கதவின் கீழ்விளிம்பு சிக்கிக்கொள்கிறது. முன்சக்கரம் கல்லின்மேல் ஏறி இறங்கிய பிறகு வண்டியின் நடுவயிறு அதே கல்லின்மீது அமர்வதே இதற்குக் காரணம். நமது வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து உருண்டு வரும் கற்கள் அந்தச் சாணைப் பொருட்படுத்துவதில்லை; சென்ற ஆண்டு பாதை இருந்த இடத்தில் இந்த ஆண்டு பாறை கிடக்கிறது. (தோப்புகளுக்கு மேலே நமக்கு வேலை இல்லை. அக்காடு 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். பாறைகளில் வண்டி ஏற்றி மகிழும் விளையாட்டுக்கு அது இடமுமன்று, நமக்கு வயதுமன்று.)

நசுங்கிய தகட்டை நிமிர்த்திய கையோடு, பெருநகர்க் கடையொன்றில் பளபளக்கும் குழாய் இரண்டை வாங்கிப் பொருத்தினோம். கண்ணாடிபோல் மின்னியதைக் கண்டு நமக்குச் சற்றுப் பெருமையும் உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் கழித்து, தேங்காயளவுக் கல் ஒன்று அந்தக் குழாயை மேலே தள்ள, அதன் தாங்கி தகட்டையும் கிழித்துக்கொண்டு போனது. காப்பு இல்லாதிருந்தால் ஒரு கீறலோடு போயிருக்கும்.

இராசபாளையத்துப் பட்டறைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். வண்டிக்கடியில் படுத்துச் சுத்தியலால் இரண்டு இடங்களில் தட்டினார். முதல் தட்டில் தகர டப்பாவின் ஓசை. அடுத்ததில் கோயில் மணியின் கனம்.

"சாமி, முதல்ல கேட்டது பாடி, ரெண்டாவது சேஸ். பாடி ரப்பர் கட்டை மேல சும்மா உட்காந்திருக்கு. நீங்க உட்காந்திருக்கிறதுல போய்க் கட்டிட்டீங்க. நிக்கிறதுலல்ல கட்டணும்?"

குருமடத்தில் நான்கு ஆண்டு இறையியல் பயின்ற நமக்கு அதற்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

மூன்று நாள் அந்தப் பட்டறையில் நாம் மாணவராக இருந்தோம். குழாயைத் தேர்ந்தெடுப்பதே முதல் பாடம். தண்ணீர்க் குழாய்களில் ஏ, பி, சி என மூன்று வகுப்புகள் உண்டு. சிவப்புப் பட்டை தீட்டிய சி வகுப்பே கனமானது. ஒன்றரை அங்குலக் குழாயில் அதன் சுவர் 4 மில்லிமீட்டர். துருப்பிடிக்காதே என்று நாம் துத்தநாகப் பூச்சுள்ள குழாயைக் காட்டியதும் அவர் மறுத்துவிட்டார். பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகையை உள்ளிழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வருமாம். கறுப்புக் குழாயையே வாங்கினோம். துருவுக்கு வர்ணம் இருக்கிறது.

சேஸோடு பற்றவைப்பதா, போல்ட் போடுவதா என்பதில்தான் நெடுநேரம் பேச்சு நடந்தது. பற்றவைத்தால் உறுதி மிகும். ஆனால் வெப்பம் சேஸின் இரும்பைப் பாதிக்கலாம். பிரேக் குழாயும் டீசல் குழாயும் அருகிலேயே ஓடுகின்றன. போல்ட் போடுவதிலும் ஒரு விதி உண்டு: சேஸின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளையிடக் கூடாது, பாரத்தைத் தாங்குபவை அவை. முன்பே உள்ள துளைகளையும் கவ்வுத் தகடுகளையும் கொண்டு, பக்கத்துக்கு நான்கு கால்கள் வீதம் பொருத்தினார். குழாய்களைத் தரையில் வைத்தே பற்றவைத்தார். வண்டிமீது ஓரிடத்தில் மட்டும் பற்றவைக்க வேண்டி வந்தபோது, மின்கலத்தின் இணைப்பை முதலில் கழற்றினார். பாடி ஆடும்போது உரசாதிருக்கக் குழாய்க்கும் கதவடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டார். கதவடிப் பெட்டியின் அடியில் நீர் வடியும் சிறு துளைகள் உள்ளன. அவை அடைபட்டால் உள்ளிருந்தே துரு தின்றுவிடும் என்று சொல்லி, அவற்றை ஒரு கம்பியால் குத்திச் சுத்தமும் செய்தார். இரு பக்கமும் சேர்ந்து ஏறிய எடை ஏறத்தாழ 40 கிலோ. அதாவது ஒரு பீடச்சிறுவனை எப்போதும் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம்.

குழாயை எவ்வளவு வெளியே நீட்டலாம் என்று அவர் கேட்டபோது நமக்கு இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. புதுவீடு கட்டுபவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், எவரேனும் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது எட்டாம் வசனம். அச்சுவர் வீட்டைக் காப்பதற்கன்று. வீட்டுக்கு வருபவரைக் காப்பதற்கு. வண்டியின் முகப்பில் மாட்டும் இரும்புக் காப்புகள் இதற்கு நேர் எதிரானவை. மோதலில் அவை பாதசாரியின் எலும்பை நொறுக்குகின்றன. காற்றுப்பை உரிய வேளையில் விரியாதபடியும் செய்கின்றன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைச் சுட்டி, அவற்றை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. நாம் மாட்டுவது முகப்பிலன்று, பக்கத்தில்தான். ஆயினும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மறைக்கல்விப் பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும் வண்டி இது. எனவே குழாய் சக்கர மூடியின் விளிம்பைத் தாண்டலாகாது என்றும், முனைகளை உருட்டி மூடிவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டோம். அதிகாரிகள் கழற்றச் சொன்னால் கழற்றிவிடலாம் என்பதும் போல்ட்டைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

பங்குப் பேரவையில் எதிர்ப்பும் எழுந்தது. "வண்டிக்குக் கொலுசு போடுறதுக்குப் பதிலா, ஓடைக்குப் பாலம் கேட்டு மனு போடலாமே சாமி?" என்றார் ஒருவர். அவர் சொன்னது சரி என்பதே நம் எண்ணம். வண்டியில்லாதவனும் அந்த ஓடையைக் கடந்துதானே வருகிறான்? அடுத்த கிராமசபையில் அவரே எழுந்து பேசினார். நாம் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். பாலம் இன்னும் வரவில்லை. கார்த்திகை மழை அதற்குள் வந்துவிட்டது.

அம்மழையில், அதே ஓடையில், அதே பக்கத்தில் கல் மோதியது. இறங்கிப் பார்த்தோம். ஒரு முழ நீளத்திற்கு வர்ணம் உரிந்திருந்தது, கதவு வழக்கம்போல் திறந்தது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் சொன்னதை நாம் மறந்திருந்தோம். இரண்டு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன.

திருவருகைக்கால முதல் ஞாயிறன்று திருப்பலிக்கு அழைத்துவர அந்தத் தோப்புக்குச் சென்றோம். மூதாட்டி புதிய குழாயின்மேல் ஒரு காலை வைத்தார், நம் தோளைப் பற்றிக்கொண்டு ஏறினார், ஏறி அமர்ந்ததும் குறை சொன்னார்.

"என்ன சாமி, இவ்வளவு செலவழிச்சு வழுக்குற கம்பியைப் போட்டு வச்சிருக்கீங்க?"

அவர் கால் வைக்கும் இடத்தில் சொரசொரப்பான தகட்டுத் துண்டு ஒன்றைப் பதிக்க, நாளை மீண்டும் பட்டறைக்குப் போகிறோம்.