மாத்திரைக்கு மேல ஒரு வரி

2011ல நான் ஹவுஸ் சர்ஜன். ஜோலார்பேட்டைக்காரர் ஒருத்தர், ஆம்பூர்ல ஷூ கம்பெனி வேலை. காசநோய். 6 மாசம் மாத்திரை சாப்பிடணும்; ரெண்டாவது மாசம் இருமல் நின்னதும் நிறுத்திட்டார். அட்டையில கட்டங்கள் காலியா இருந்தது யார் கண்ணுலயும் படல, என் கண்ணுலயும். திரும்பி வந்தப்போ ரத்தமா இருமினார்.

இப்போ பைத்தான் கத்துக்கிறேன். அதுல டெக்கரேட்டர்னு ஒண்ணு. ஃபங்ஷனுக்கு மேல @ போட்டு ஒரு வரி, அவ்வளவுதான். உள்ள இருக்கிற வேலை மாறாது. எப்ப ஆரம்பிச்சது, முடிஞ்சதா, எங்க நின்னுச்சுன்னு பதிவு பண்ண வைக்கலாம்.

2012ல வந்த நிக்‌ஷய் பதிவும் அப்படித்தாங்க. மாத்திரை அதேதான். விட்ட நாள் கண்ணுக்குத் தெரியும்.

ஆனா பதிவு போய் கதவைத் தட்டாது. ஒரு ஆள் போகணும். உங்க வீட்டுல யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டா, அந்த ஆள் நீங்கதான்.