இழுக்கக் கற்றுக்கொடுத்த நர்சம்மாவுக்கு

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

பந்தல்குடியிலிருந்து எழுதுகிறேன். மாறுதலாகி எந்த ஊருக்குப் போனீர்கள் என்று விசாரித்துப் பார்த்தேன், சரியாகத் தெரியவில்லை. அதனால் நேரில் சொல்ல வேண்டிய நன்றியை ஊரறியச் சொல்லிவிடலாம் என்று இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் கண்ணில் படாவிட்டாலும், உங்களைப் போல வேலை பார்க்கிற இன்னொருவர் கண்ணில் படட்டும். என் அம்மாவைப் போல மூச்சு வாங்குகிறவர்கள் இருக்கிற வீட்டில் யாராவது ஒருவர் வாசித்துக் காட்டட்டும்.

அம்மாவை நீங்கள் 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவீர்கள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் திருச்சுழிப் பக்கம் கரிமூட்டத்தில் வேலை பார்த்தவள். எங்கள் வானம் பார்த்த பூமியில் பருத்தியும் மல்லியும் பொய்த்த வருஷங்களில் சோறு போட்டது வேலிக்கருவைதான். வெட்டிய கட்டைகளை மேடாக அடுக்கி, வைக்கோல் போட்டு மூடி, மேலே ஈர மண்ணைப் பூசி, உள்ளே தீ வைப்பார்கள். அது கொழுந்துவிட்டு எரியக் கூடாது. நாள்கணக்கில் புழுங்கிப் புழுங்கிக் கரியாக வேண்டும். மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் அத்தனையும் சாம்பலாகிவிடும். எந்த இடத்தில் புகை கிளம்புகிறதோ அந்த இடத்தில் போய் மண் அள்ளிப் பூசுவது அம்மாவின் வேலை. முகத்தை நேரே புகைக்குள் வைத்துச் செய்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் ஜன்னலில்லாத அடுப்படியில் அதே கருவை விறகு.

பீடியைக் கையால் தொட்டதில்லை அவள். "புகை பிடிக்காத பொம்பளைக்கு எப்படி நுரையீரல் கெடும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். டி.பி.யாக இருக்குமோ என்று சிலர் தள்ளி உட்கார்ந்தார்கள். ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்த மருத்துவர், 'சி.ஓ.பி.டி.' என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார். தொற்றாது, ஆனால் முழுதாகக் குணமாகவும் ஆகாது. தினசரி மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம்.

சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் பிறகுதான் எனக்குக் கிடைத்தது. புகைபிடிக்காதவர்களுக்கு இந்த நோய் வருவது பற்றி புனே மருத்துவர் சுந்தீப் சால்வியும் லண்டன் மருத்துவர் பீட்டர் பார்ன்சும் 2009இல் லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள். உலகில் புகைபிடிப்பவர்கள் சுமார் 100 கோடிப் பேர். விறகு, வரட்டி போன்றவற்றின் புகையில் வாழ்கிறவர்கள் சுமார் 300 கோடிப் பேர் என்பது அவர்கள் காட்டிய கணக்கு. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைப் பரிசோதித்து 2011இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பெண்களிலும் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. அம்மா தனியாள் இல்லை என்று தெரிந்தபோது அவளுக்கே ஒரு தெம்பு வந்தது.

அம்மாவை வைத்தியத்துக்கு முதலில் நாங்கள் காட்டிய இடம் வேறு. மருந்து நல்ல மருந்துதான். எப்படி எடுப்பது என்றுதான் யாரும் சொல்லவில்லை. கூட்டம். சீட்டைக் கொடுத்து, டப்பாவைக் கொடுத்து, "காலையும் ராத்திரியும்" என்று அனுப்பிவிட்டார்கள். கேப்சூல் என்றால் முழுங்குவது என்றுதானே அம்மாவுக்குத் தெரியும்? தண்ணீர் ஊற்றி முழுங்கியிருக்கிறாள். கூடவே கொடுத்த பிளாஸ்டிக் கருவியை என்னவோ ஏதோ என்று மாடக்குழியில் வைத்துவிட்டாள். மருந்து வயிற்றுக்குப் போனது. மூச்சு அப்படியே இருந்தது.

உங்களிடம் வந்த அன்று நீங்கள் கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. "மருந்து எடுக்கிறீங்களா?" என்று நீங்கள் கேட்கவில்லை. "எப்படி எடுக்கிறீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க ஆத்தா" என்றீர்கள். அம்மா கேப்சூலை வாயில் போடப் போனாள். நீங்கள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஆத்தா, இது வயித்துக்கு இல்ல, நெஞ்சுக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டீர்கள். 2008இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே இதற்காக ஓர் எச்சரிக்கை விட்டிருக்கிறது. இழுக்க வேண்டிய கேப்சூலை அங்கும் ஆட்கள் முழுங்கிக்கொண்டிருந்தார்களாம். எழுத்தறியாத அம்மாவுக்கு மட்டும் நேர்ந்த தவறு இல்லை இது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்திலெல்லாம் நேர்கிறது.

அப்புறம் நீங்கள் காட்டியதை அப்படியே இங்கே எழுதுகிறேன். ரோட்டாஹேலர் என்கிற அந்தப் பிளாஸ்டிக் கருவியின் மேலே இருக்கும் சதுர ஓட்டையில் கேப்சூலின் கண்ணாடி போலத் தெரியும் முனை கீழே போகும்படி வைத்து அழுத்த வேண்டும். அடிப்பாகத்தைத் திருகினால் கேப்சூல் இரண்டாகப் பிரிந்து பொடி உள்ளே விழும். முதலில் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். அதைக் கருவிக்குள் விடக் கூடாது, பொடி ஈரமாகிவிடும். வாய்ப்பகுதியைப் பல்லிடுக்கில் வைத்து, உதட்டால் இறுக்கி, வேகமாகவும் ஆழமாகவும் ஒரே இழுப்பு. பிறகு கருவியை எடுத்துவிட்டுப் பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை. கேப்சூல் ஓடு உள்ளே கடகடவென்று உருண்ட சத்தம் கேட்டு அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "சத்தம் வந்துச்சா? அப்போ இழுப்பு சரி" என்றீர்கள்.

அவசரத்துக்குக் கொடுத்த நீல நிற ஸ்பிரே இன்ஹேலருக்கு முறையே வேறு என்று சொன்னீர்கள். அதை முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். அதில் வேகமாக இழுக்கக் கூடாது. மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, நிதானமாக இழுத்து முடிக்க வேண்டும். அம்மாவுக்குக் கையும் மூச்சும் சேர்ந்து வரவில்லை என்று பார்த்ததும் ஸ்பேசர் குழாயை மாட்டிக் கொடுத்தீர்கள். ஒரு கருவிக்கு வேகம், இன்னொன்றுக்கு நிதானம். இதை மாற்றிச் செய்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் செஸ்ட் இதழில் வந்த கட்டுரை ஒன்று, இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்கள் நூற்றுக்கு 31 பேர்தான் என்கிறது. நீங்கள் எங்களுக்காகச் செலவழித்த அந்தக் கொஞ்ச நேரத்தின் மதிப்பு அதைப் படித்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்ததும் பேனாவை எடுத்தீர்கள். காலையில் மட்டும் இழுக்கும் டையோட்ரோப்பியம் டப்பாவில் ஒரு சூரியன் வரைந்தீர்கள். காலையும் இரவும் இழுக்கும் டப்பாவில் ஒரு சூரியன், ஒரு நிலா. நீல இன்ஹேலரில் எதுவும் வரையவில்லை. "இது நேரத்துக்கு இல்ல ஆத்தா, மூச்சு முட்டும்போது மட்டும்" என்றீர்கள். அந்தச் சூரியனும் நிலாவும் இருக்கும் பழைய டப்பாவை அம்மா தூக்கிப் போடவே இல்லை. புது டப்பா வந்ததும் அதைப் பார்த்து என்னை வரையச் சொல்கிறாள்.

தினசரி மருந்துக்கும் அவசர மருந்துக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் சொல்கிறேன்: வருஷம் முழுக்கக் கண்மாய்க் கரையைப் பேணுவது ஒன்று, உடைப்பெடுத்த பிறகு மண்மூட்டை அடுக்குவது இன்னொன்று. இன்றைக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்று தினசரி மருந்தை நிறுத்தக் கூடாது. அது நன்றாக இருப்பதே அந்த மருந்தால்தான். மூச்சு முட்டுகிறதே என்று தினசரி மருந்தைக் கூடுதலாக இழுக்கவும் கூடாது. படபடப்பும் கை நடுக்கமும் வரும்.

பக்கத்து வீட்டில், "பம்பு பிடிச்சா பழகிப்போகும், அப்புறம் விடவே முடியாது" என்று அம்மாவைப் பயமுறுத்தியிருந்தார்கள். அதற்கும் நீங்கள் கணக்கோடு பதில் சொன்னீர்கள். அந்த நீல நிற சால்பியூட்டமால் ஸ்பிரேயில் ஒரு அழுத்துக்கு வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக 4 மில்லிகிராம், அதாவது நாற்பது மடங்கு. நேரே நுரையீரலுக்குப் போவதால்தான் இத்தனை குறைவான அளவு போதுமாகிறது. இது போதையில்லை, வியாதி நாள்பட்டது, அதனால் மருந்தும் நாள்பட்டது.

கவனிக்க வேண்டியதையும் மறைக்காமல் சொன்னீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தை இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் புண் வரும், குரல் கம்மும். அதற்கு நீங்கள் சொன்ன வழி சுலபமானது: காலையில் பல் துலக்குவதற்கு முன் இழுத்துவிட வேண்டும், இரவு படுக்குமுன் இழுத்துக் கொப்பளிக்க வேண்டும். டையோட்ரோப்பியம் பொடி கண்ணில் படக் கூடாது. கண் அழுத்த நோய் இருந்தாலோ, சிறுநீர் சரியாகப் பிரியாவிட்டாலோ மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரால் நிமோனியா வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. ஆகவே காய்ச்சல் வந்தாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ காத்திருக்கக் கூடாது. அவசர மருந்துக்கும் மூச்சு அடங்காவிட்டால், ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், உடனே 108. எங்கள் ஊர் வெயிலைச் சொல்லி, ஸ்பிரேயைத் தகரக் கூரைக்கு அடியிலும் அடுப்புப் பக்கத்திலும் வைக்காதீர்கள் என்றீர்கள். கேப்சூலை ஈரக் கையால் தொடாதீர்கள் என்றும், ஒருவர் இன்ஹேலரை இன்னொருவர் வாங்கி இழுக்கக் கூடாது என்றும் சொன்னீர்கள்.

உங்கள் கைக்கு அந்த மருந்து வந்து சேர்ந்த வழியையும் தேடிப் படித்தேன், நர்சம்மா. அதில் நம் மண்ணுக்கும் பங்கு இருக்கிறது. மூச்சிரைப்புக்கு ஊமத்தைப் புகை பிடிக்கும் வழக்கம் இங்கே பழையது. சென்னைப் பட்டணத்தின் தலைமை மருத்துவராக இருந்த ஆண்டர்சன் அதை ஜெனரல் ஜென்ட் என்பவருக்குச் சொல்ல, 1802இல் அவர் வழியாக அது இங்கிலாந்துக்குப் போனது. ஊமத்தை கொல்லக்கூடிய நஞ்சு. இன்று யாரும் அதைப் பிடிக்கக் கூடாது. ஆனால் அந்தச் செடியில் இருக்கும் அட்ரோப்பின் வகைப் பொருள்களை ஆராய்ந்துதான், ஆபத்தைக் குறைத்து, அம்மா காலையில் இழுக்கும் டையோட்ரோப்பியம் வகை மருந்துகளை உருவாக்கினார்கள். 1955இல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய 13 வயது மகள், "தலைக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைக்கக் கூடாதா?" என்று கேட்டாளாம். அடுத்த ஆண்டே, 1956இல், அளந்து மருந்து தரும் முதல் ஸ்பிரே இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

ஒரு சிறுமியின் கேள்வி, வேதியியலாளர்களின் உழைப்பு, 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாக மருந்து வரும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்து உங்கள் மேசை வரை வந்தது. உங்கள் மேசையிலிருந்து அம்மாவின் நுரையீரல் வரை உள்ள கடைசி ஒரு முழ தூரத்தைக் கடத்திவிட்டது நீங்கள்தான். அந்த ஒரு முழத்தில்தான் அதற்கு முன் எல்லாம் வீணாகப் போயிருந்தது.

இன்றைக்கு அம்மா தெருமுனைக் குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருகிறாள். வழியில் ஒரு தடவை நிற்கிறாள், நிற்கத்தான் செய்கிறாள், ஆனால் வந்துசேர்கிறாள். சமையல் கேசில்தான். வெந்நீருக்கு மட்டும் விறகு வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவளை, "புகையை நிறுத்தாம மருந்து மட்டும் இழுத்தா பாதிதான் ஆத்தா" என்று நீங்கள் சொன்னதைச் சொல்லித்தான் நிறுத்தினேன். ஃபுளூ தடுப்பூசியும் போட்டாயிற்று. "அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும் தாயி" என்று உங்களைப் பற்றிச் சொல்லாத நாளில்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இன்ஹேலர் எடுக்கிறவர் இருந்தால், "எப்படி எடுக்கிறீங்க, செஞ்சு காட்டுங்க" என்று இன்றைக்கே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது கருவியைக் கையோடு கொண்டுபோங்கள். நர்சம்மா முன்னாலேயே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்து கொடுக்கும் இடங்களில் இருப்பவர்களிடமும் கேட்கிறேன்: எவ்வளவு கூட்டம் இருந்தாலும், இன்ஹேலரைச் செய்து காட்டாமல் யாரையும் அனுப்பாதீர்கள்.


பந்தல்குடியிலிருந்து, உங்கள் ஆத்தாவின் மகள்